பழி சுமந்த துப்பாக்கி

அந்தக் காகிதத்தை லோர்னா நான்காவது முறையாகப் படித்தாள். நான்காவது முறையும் அதே வரியில்தான் ரத்தம் கொதித்தது.

‘துப்பாக்கியில் கல்லைத் தாங்கி அடிக்கும் குதிரை, பாதி இழுப்பில் நிற்கவில்லை. இது சுடும் பூட்டைச் செய்தவரின் வேலைக்குறை. இறந்தவர் குழலுக்கு நேர் எதிரே நின்றபோது குதிரை நழுவி, உள்ளே யாரோ விட்டுவைத்த வெடிமருந்து வெடித்திருக்கிறது. குழலுக்குள் துணி விட்டுப் பார்த்தேன். சுட்ட கரி வந்தது.’

கீழே ராய்ஸ் ஹால்டிமன் என்று அழகான கையெழுத்து. கெஸ்லர் கவுண்டியில், கல் உரசும் பொறியில் வெடிக்கிற பழைய காலச் சிக்கிமுக்கித் துப்பாக்கி செய்கிற யாரைக் கேட்டாலும் முதலில் வருகிற பெயர் அது.

“வேலைக்குறையாம்! ஹார்லன் வேலையில குறையாம்!” லோர்னா மேஜையைத் தட்டியதில் காபிக் கோப்பைகள் குதித்தன. “மூணு குளிர்காலம், டெல்மர். மூணு குளிர்காலம் அந்த மனுஷன் நிலவறையில உக்காந்து இந்த ஒரே துப்பாக்கியைச் செஞ்சாரு. குதிரையைப் பிடிச்சு நிறுத்துற கொக்கியை மட்டும் ஒரு மாசம் தேய்ச்சாரு. அதுல குறையாம்!”

“காகிதத்தைக் கசக்காதீங்க பாஸ். அந்த நகலுக்காக போலீஸ் ஸ்டேஷன்ல அரை மணி நேரம் பல்லை இளிச்சிருக்கேன். இந்த வயசுல தாடை வலிக்குது.”

டெல்மர் முன்பு மாட்டுச் சந்தையில் ஏலம் கூவியவன். வாய் ஓயாது. லோர்னா இருபத்தாறு வருஷம் அந்தக் காடுகளில் வேட்டைக் கண்காணிப்பு அதிகாரியாக இருந்து, ஓய்வு பெற்றதும் துப்பறியும் தொழிலுக்கு வந்தவள். அவளுக்குக் கோபம் ஓயாது. இரண்டு பேரும் ஒரே காரில் ஏழு வருஷம் குப்பை கொட்டியதே பெரிய விஷயம்.

அவர்கள் உட்கார்ந்திருந்தது லோர்னாவின் பழைய நண்பர், செத்துப்போன ஹார்லன் பிக்ஸ்லரின் சமையலறையில். பத்து நாளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர் மனைவி ஆர்டித் சர்ச்சிலிருந்து திரும்பியபோது, கணவர் நிலவறையில் மார்பில் குண்டு பாய்ந்து கிடந்தார். பக்கத்தில் அவரே செய்த துப்பாக்கி கிடந்தது. அன்று மாலையே, போலீஸ் கூப்பிட்டதும் ராய்ஸ் வந்து பார்த்து எழுதிக் கொடுத்தார். மறுநாளே போலீஸ் கேட்ட கேள்வி, ‘அந்த மருந்தை உள்ளே விட்டுவைத்தது யார்?’

அவர்களுடைய மகன் நெவின்தான். அல்லது, தான்தான் என்று அவன் நம்பினான். மூன்று மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னால் நின்று, என் அஜாக்கிரதையால் அப்பாவைக் கொன்றேன் என்று ஒப்புக்கொள்ளப் போகிறான். இப்போது மணி பன்னிரண்டே முக்கால்.

ஆர்டித் அடுப்பைப் பார்த்தபடி நின்றாள்.

“சாப்பிடுங்க. ஊரே கொண்டுவந்து கொட்டியிருக்கு. தூக்கிப் போட மனசு வரல.”

டெல்மர் கிரீம் வைத்த சாக்லேட் கேக் ஒன்றை ஏற்கெனவே பாதி முடித்திருந்தான்.

“சனிக்கிழமை என்ன நடந்துச்சுன்னு இன்னொரு தடவை சொல்லுங்க, ஆர்டித்” என்றாள் லோர்னா.

“கிறிஸ்துமஸ் முடிஞ்சு வர்ற சிக்கிமுக்கித் துப்பாக்கி வேட்டை சீசன்தான். புதுத் துப்பாக்கியை எடுத்துக்கிட்டு அப்பாவும் பிள்ளையும் மானுக்குப் போனாங்க. ஒண்ணும் மாட்டல. ஒரு குண்டு கூடச் சுடல. திரும்பி வர்றப்ப ஐஸ் மழை. ஹார்லனுக்கு விரல் மரத்துப் போச்சு. ‘பின்னாடி மேட்டுல சுட்டுக் காலி பண்ணிட்டு உள்ள கொண்டு வா’ன்னு அவன்கிட்ட குடுத்துட்டு வந்துட்டாரு. அவன் பொறி விழுற கிண்ணத்து மருந்தைக் கொட்டினானாம். துடைச்சு எண்ணெய் போட்டானாம். சுட்டானான்னு கேட்டா, ஞாபகம் இல்லயாம்.” அவள் அடுப்பு மேடையை ஓங்கித் தட்டினாள். “ஞாபகம் இல்ல! இருபத்து மூணு வயசு. பெத்த அப்பன் சொன்ன ஒரு வேலை. ஞாபகம் இல்லயாம்!”

“அவன்கிட்ட பேசினீங்களா?”

“பத்து நாளாச்சு. ஒரு வார்த்தை பேசல. இன்னைக்குக் கோர்ட்டுக்குப் போவேன். பக்கத்துல உக்கார மாட்டேன்.”

லோர்னா பல்லைக் கடித்துக்கொண்டாள். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் இருப்பது அவளுக்கு உடம்புக்கே ஆகாது.

“ஒத்துக்கச் சொல்லி அவனுக்கு யார் புத்தி சொன்னது?”

“ராய்ஸ்தான். தினம் சாயங்காலம் வந்துடுவாரு. ‘அவன் மேல கோவப்படாத ஆர்டித், சின்னப் பையன். ஒத்துக்கிட்டா சீக்கிரம் வெளிய வந்துடுவான்’னு ஆறுதல் சொல்வாரு. அந்தக் கேக் கூட அவர் கொண்டுவந்ததுதான்.”

டெல்மர் மெல்லுவதை நிறுத்தினான்.

“ஹார்லனுக்கும் ராய்ஸுக்கும் சண்டை ஏதாவது?”

ஆர்டித் முதல் முறையாகத் திரும்பினாள். “சண்டைன்னு சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை ராய்ஸ் வீட்டுக்குப் போயிட்டு வந்தவரு, சட்டி பானையெல்லாம் டமால் டமால்னு வெச்சாரு. ‘நாப்பது வருஷப் பொய்’ன்னாரு. என்னன்னு கேட்டேன். துப்பாக்கி செய்யுறவங்க கூடுற பிப்ரவரி கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொல்றேன், அப்பக் கேட்டுக்கோன்னாரு. அவ்வளவுதான்.”

லோர்னா எழுந்துவிட்டாள்.

நிலவறையில் ஹார்லனின் வேலை மேஜை விட்டது விட்டபடி இருந்தது. சுவரில் உளிகள் வரிசை குலையாமல் தொங்கின. தரையில் மேப்பிள் மரச் சீவல். மேஜை ஓரத்தில் கண்ணாடி இல்லாத ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. டெல்மர் அதை எட்டிப் பார்த்ததில் கோட்டுக் கை முழுக்கக் கறுப்பாகிவிட்டது. தட்டினான். தட்டத் தட்ட இன்னும் பரவியது.

“இது என்ன பாஸ், விளக்கா, மை டப்பாவா?”

“துப்பாக்கி செய்யுறவன் வீட்டுல எல்லாம் இது இருக்கும். இரும்பை விளக்குப் புகையில காட்டிக் கறுப்பாக்குவாங்க. அப்புறம் கட்டையில வெச்சு அழுத்துவாங்க. எங்க கறுப்பு ஒட்டுதோ அங்க ஒரு சீவல் எடுக்கணும். ஒரு பூட்டு உள்ள உக்கார ஆயிரம் தடவை இப்படிப் பண்ணணும்.”

“ஆயிரம் தடவையா? நான் மூணாவது தடவையே சுத்தியலை எடுத்திருப்பேன்.”

“அதனாலதான் நீ மாடு வித்த. வா, ஸ்டேஷனுக்கு.”

போலீஸ் சீஃப் கிளைட் ரப் கோழிச் சோள சூப் குடித்துக்கொண்டிருந்தார். லோர்னாவைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. இரண்டு பேரும் பள்ளிக்கூடத்திலேயே ஒத்துப்போகாதவர்கள்.

“வழக்கு முடிஞ்சுது, லோர்னா. பையனே ஒத்துக்கிறான். நீ எதுக்கு ஊடால?”

“துப்பாக்கியைப் பார்க்கணும். அஞ்சு நிமிஷம்.”

“ராய்ஸ் பார்த்துட்டாரு. அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரியப்போகுது?”

“கிளைட், மூணு மணிக்கு ஒரு பையன் தன் அப்பனைக் கொன்னவன்னு தன் வாயாலயே சொல்லப்போறான். ஆயுசுக்கும் அது போகாது. அஞ்சு நிமிஷம் உன் சூப்பு ஆறினா குடிமுழுகிப் போகாது. எடு.”

அவள் குரலில் ஸ்டேஷன் வாசலில் நின்ற நாய் கூட எழுந்து போய்விட்டது. கிளைட் முனகிக்கொண்டே துப்பாக்கியை எடுத்துவந்து மேஜையில் வைத்தார்.

அழகான சாமான். ஆள் மார்பு உயரத்துக்கு நீளம். கட்டைக்கு இன்னும் சாயம் ஏற்றவில்லை, வரிவரியான மேப்பிள் வெளுப்பாக இருந்தது. இரும்புக்கும் பழுப்பு ஏற்றவில்லை, பளபளவென்று வெறும் எஃகு. இன்னும் இரண்டு வாரம் கிடைத்திருந்தால் ஹார்லன் முடித்திருப்பார். லோர்னாவுக்கு அழவேண்டும் போல இருந்தது. அதையும் கோபமாக மாற்றிக்கொண்டாள்.

முதல் வேலையாகக் குதிரையின் வாயில் இருந்த சிக்கிமுக்கிக் கல்லைத் திருகிக் கழற்றிப் பையில் போட்டாள். யார் கையிலிருந்து வாங்கினாலும் முதலில் கல்லைக் கழற்றுவது அவளுடைய இருபத்தாறு வருஷப் பழக்கம். பிறகு குதிரையைப் பாதி தூரம் இழுத்து நிறுத்தி, விசையை அழுத்தினாள். குதிரை அசையவில்லை. இன்னும் பலமாக அழுத்தினாள். குழலைக் கூரைப் பக்கம் பிடித்துக் கட்டையின் அடியால் தரையில் இரண்டு முறை இடித்தாள். குதிரை நின்ற இடத்திலேயே நின்றது.

“இதுவா நழுவுது?”

“ஒரு தடவை நழுவிச்சுன்னா ஒவ்வொரு தடவையும் நழுவணுமா என்ன?” என்றார் கிளைட்.

“நல்லா இருக்கு சீஃப்” என்றான் டெல்மர். “என் காரும் இப்படித்தான். மெக்கானிக் பார்க்கும்போது மட்டும் ஒழுங்கா ஓடும்.”

லோர்னா காதில் வாங்கவில்லை. குதிரைக்கு எதிரே இருந்த மருந்துக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிண்ணமும் சுற்றி இருந்த எஃகும் கரேல் என்று இருந்தன. விரலால் தேய்த்தாள். கறுப்பு விரலில் வந்தது, அடியில் எஃகு பளிச்சென்று சிரித்தது. விரலை முகர்ந்தாள். கிளைட்டின் மூக்குக்கு நேராகவும் நீட்டினாள்.

“என்ன வாசனை?”

“ஒரு வாசனையும் இல்ல.”

“கருமருந்து எரிஞ்சா அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். அதை விடு. எரிஞ்ச கரி ஈரத்தை இழுக்கும். வெறும் எஃகு மேல ரெண்டு நாள் இருந்தா சிவப்பாத் துரு பிடிச்சுடும். பத்து நாள் ஆச்சு. துரு எங்க?”

“ராய்ஸ் துடைச்சு எண்ணெய் போட்டிருப்பாரு.”

“துடைச்சா கறுப்பு எப்படி இருக்கும்?”

கிளைட் கரண்டியைக் கீழே வைத்தார். லோர்னா டெல்மரின் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்து, கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அதே கறுப்பு. அதே மினுமினுப்பு.

“விளக்குப் புகை” என்றாள். “சுட்ட மாதிரி தெரியணும்னு யாரோ பூசியிருக்கான். கிளைட், யாரோ அந்த நிலவறையில, செத்துக் கிடந்த மனுஷன் பக்கத்துல உக்காந்து, அவரோட விளக்கையே ஏத்தி நிதானமாப் பூசியிருக்கான்.”

கிளைட் குனிந்து துப்பாக்கியைப் பார்த்தார். “ஹார்லன் வேலை செய்யுறப்பவே ஒட்டியிருக்கலாமே…”

“சனிக்கிழமை நெவின் துடைச்சிருக்கான். இரு, இன்னும் ஒண்ணு பார்த்துடலாம்.” குழலுக்கு அடியில் செருகியிருந்த மரக்குச்சியின் முனையில் அவள் கை வைத்தாள். மருந்தையும் குண்டையும் உள்ளே தள்ளிக் கெட்டிக்கும் குச்சி அது.

“அதை உருவாதீங்க!”

வாசலில் ராய்ஸ் ஹால்டிமன் நின்றார். அறுபத்தாறு வயது. தொப்பியில் பனி. சர்ச்சில் முதல் வரிசையில் உட்காருகிற முகம். கையில் துப்பாக்கிக்குப் போடுகிற ஃபிளானல் உறை ஒன்றை மடித்து வைத்திருந்தார். வந்த வேகத்தில் லோர்னாவின் கை மேலேயே தன் கையை வைத்துக் குச்சியை அழுத்திப் பிடித்தார்.

“காஞ்ச ஹிக்கரி மரம்மா. அவன் இன்னும் எண்ணெயில ஊற வைக்கல. இழுத்தா பிளந்துடும். பாவம், ஹார்லன் கையால சீவினது.”

“நீங்க எங்க இந்தப் பக்கம், ராய்ஸ்?”

“மூணு மணிக்கு எல்லாம் முடிஞ்சுடும். அப்புறம் இது ஆர்டித் கண்ணுலயே படக்கூடாது. நான் எடுத்துட்டுப் போய் வெச்சுக்கிறேன்னு கிளைட்கிட்ட சொல்லியிருந்தேன்.”

“மூணு தடவை சொல்லிட்டாரு” என்றார் கிளைட். “அக்கறையான மனுஷன்.”

லோர்னாவின் முகம் மெல்ல மலர்ந்தது. டெல்மர் ஒரு அடி பின்னால் நகர்ந்தான். அவள் கத்தினால் சமாளிக்கலாம். சிரித்தால் யாருக்கோ சங்கு ஊதப்போகிறாள் என்று அர்த்தம்.

“நல்ல நேரத்துல வந்தீங்க” என்றாள் தேன் குரலில். “நீங்க எழுதினதுல ஒரு இடம் மட்டும் எனக்குப் பிடிபடல. ஹார்லன் எப்படி நின்னாரு, குதிரை எப்படி விழுந்துச்சு? நீங்க ஹார்லனா நில்லுங்க. டெல்மர், துப்பாக்கியை எடு. எப்படிப் பிடிக்கணும்னு அவர் சொல்வாரு.”

டெல்மர் எடுத்தான். ஏலக்காரன் கையில் துடைப்பம் மாதிரி அது சுழன்றது. குழல் முனை சுவரைத் தடவி, சூப்புக் கிண்ணத்தைத் தாண்டி, நேராக ராய்ஸின் மார்புக்கு வந்து நின்றது. டெல்மரின் கட்டைவிரல் குதிரையை முழுசாகப் பின்னால் இழுத்தது.

“இப்படியா சார்?”

“முட்டாளே, கீழ இறக்கு! உள்ள மருந்து இருக்குடா!”

ராய்ஸ் இரும்பு அலமாரிக்குப் பின்னால் பாய்ந்திருந்தார். தொப்பி உருண்டு கிளைட்டின் காலடியில் நின்றது.

“உள்ள என்ன இருக்கு?” என்றார் கிளைட்.

ராய்ஸ் மெதுவாக நிமிர்ந்தார். மூச்சு வாங்கியது. ஆனால் ஆள் கெட்டிக்காரர். ஒரு நொடியில் முகத்தைச் சரிசெய்துகொண்டார்.

“எந்தத் துப்பாக்கியா இருந்தாலும் மருந்து இருக்குன்னுதான் நினைக்கணும் கிளைட். இந்த ஊர்ல எல்லாருக்கும் நான் கத்துக்குடுத்த முதல் பாடம் அது. இந்த ஆளுக்குத்தான் யாரும் கத்துக்குடுக்கல போல.”

கிளைட்டின் தலை ஆமாம் என்று ஆடியது. லோர்னாவும் ஆட்டினாள்.

“சரியாச் சொன்னீங்க. ஆனா குதிரை வாயைப் பாருங்க, ராய்ஸ். கல்லே இல்ல. நான் கழட்டிட்டேன். நாப்பது வருஷம் துப்பாக்கி செஞ்ச கண்ணு முதல்ல அங்கதான் போகும். உங்க கண்ணு குழலை விட்டு நகரல. உள்ள இருக்குமோ இருக்குமோன்னு பத்து நாளாத் தூங்காத கண்ணு அது.” அவள் டெல்மரிடமிருந்து துப்பாக்கியை வாங்கி நிமிர்த்திப் பிடித்தாள். “அப்புறம் நீங்க கத்துக்குடுத்த ரெண்டாவது பாடம் ஒண்ணு இருக்கே. துப்பாக்கி கைக்கு வந்ததும் குச்சியை விட்டு ஆழம் பாரு. செய்யலாமா?”

“பிளந்துடும்னு சொன்னேன்ல!”

குச்சி பிளக்கவில்லை. வெண்ணெயில் கத்தி போல வழுக்கிக்கொண்டு வந்தது. லோர்னா முதலில் அதைக் குழலுக்கு வெளியே ஒட்டி வைத்துக் காட்டினாள். குழலின் அடியிலிருந்து முனை வரை அச்சாக ஒரே அளவு. காலிக் குழலில் போட்டால் குச்சி முழுசாக உள்ளே போய், முனையோடு முனை சமமாக நிற்க வேண்டும்.

பிறகு அதைக் குழலுக்குள் விட்டாள்.

‘டொக்’ என்று எதிலோ முட்டி நின்றது. முனைக்கு மேலே நாலு விரற்கடை நீட்டிக்கொண்டிருந்தது. நீட்டிக்கொண்டிருந்த பாகத்தின் அடியில், ஹார்லன் கத்தியால் கீறிய வளையம் ஒன்று குழல் வாயோடு சரியாகப் பொருந்தி நின்றது. மருந்தும் குண்டும் உள்ளே இருக்கும்போது குச்சி எதுவரை இறங்கும் என்று அவரே போட்டு வைத்த அடையாளம்.

கிளைட் குச்சியைப் பார்த்தார், லோர்னாவைப் பார்த்தார். புரிய நேரம் பிடித்தது.

“நான் சுருக்கிச் சொல்றேன் சீஃப்” என்றான் டெல்மர். அவன் முகத்திலும் இப்போது சிரிப்பு இல்லை. “ஹார்லனைக் கொன்னதா நீங்க சீட்டுக் கட்டி வெச்சிருக்கீங்களே இந்தத் துப்பாக்கி, இது இன்னும் சுடவே இல்ல. சனிக்கிழமை போட்ட குண்டு உள்ளதான் தூங்குது.”

லோர்னா குச்சி முனையில் ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றிக் குழலில் விட்டு எடுத்து, மேஜையில் போட்டாள். எண்ணெய் ஈரம் மட்டும். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

“துணி விட்டேன், கரி வந்ததுன்னு எழுதினியே. எங்க கரி?”

மரியாதை அவள் வாயிலிருந்து உதிர்ந்துவிட்டதை எல்லோரும் கவனித்தார்கள். ராய்ஸும் கவனித்தார்.

“ஒரு பார்வை பார்க்கிறவன் கூடக் குச்சியை விட்டுப் பார்ப்பான். நீ பார்க்கல. ஏன்னா எது சுட்டுச்சுன்னு உனக்குத்தான் தெரியுமே! ஹார்லன் மருந்து கெட்டிச்ச துப்பாக்கியை வீட்டுக்குள்ள ஏத்த மாட்டாருன்னு உனக்குத் தெரியும். காலின்னு நம்பிப் புகையைப் பூசிட்டு, நோகாம எழுதிக் குடுத்துட்ட. மறுநாள் அந்தப் பையன், ‘சுட்டேனான்னு ஞாபகம் இல்ல’ன்னு அழுதானே, அப்பதான் உனக்கு வயித்தைக் கலக்கிச்சு. அன்னையிலேருந்து உறையை மடிச்சுக்கிட்டு இங்க அலையுற.”

“லோர்னா, நீ…”

“பேசாத! அவரைக் கொன்ன. சரி. அதோட நிறுத்துனியா? அவர் வேலையில குறைன்னு எழுதின. அதுவும் பத்தாதுன்னு பெத்த பிள்ளை தலையில கட்டின. தினம் சாயங்காலம் அந்த வீட்டுல உக்காந்து, ஒத்துக்கோ தம்பி ஒத்துக்கோன்னு தடவிக் குடுத்த. கேக் வேற வாங்கிட்டுப் போயிருக்கான் கிளைட், கேக்கு!”

டெல்மர் வாயைத் துடைத்துக்கொண்டான்.

ராய்ஸின் முகத்திலிருந்து சர்ச் கழன்று விழுந்தது. கீழே இருந்தது வெறும் ஆத்திரம்.

“என் வீட்டுக்கு வந்து, என்னைக் கேக்காம என் துப்பாக்கிப் பூட்டைக் கழட்டினான்! அருங்காட்சியகத்துல வெச்சு எடுத்துட்டு வந்த துப்பாக்கி. பூட்டு உக்கார்ற குழியோட மூலையெல்லாம் வட்டமா இருக்கு, இது உளி வேலை இல்ல, மெஷின் வேலைன்னான். கடையில வாங்கின கட்டையில பேரை வெட்டி வெச்சிருக்கேன்னான். ஊர் முன்னாடி சொல்வானாம். நாப்பது வருஷம் என் கையைப் பார்த்துக் கத்துக்கிட்டவனுங்க முன்னாடி!”

“மெஷின் வேலையா, இல்லையா?” என்றார் கிளைட் தாழ்ந்த குரலில்.

ராய்ஸ் தரையில் கிடந்த தொப்பியைப் பார்த்தார்.

“சொல்ல வேண்டாம்னு கெஞ்சத்தான் ஞாயித்துக்கிழமை போனேன். வண்டியில சனிக்கிழமை கெட்டிச்ச துப்பாக்கி இருந்துச்சு. அவன் சிரிச்சான். கோபத்துல என்ன பண்றேன்னே தெரியாம…”

“கோபத்துலயா?” லோர்னா அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். “கோபத்தைப் பத்தி என்கிட்ட சொல்லாத. அது சிக்கிமுக்கித் துப்பாக்கி. சனிக்கிழமை கிண்ணத்து மருந்தைக் கொட்டியிருப்ப, எல்லாரும் கொட்டுவாங்க. ஞாயித்துக்கிழமை சுடணும்னா மருந்துக் கொம்பைத் திறக்கணும். கிண்ணத்துல மருந்து போடணும். கிண்ணத்து மேல தகட்டை மூடணும். குதிரையை இழுக்கணும். கோபத்துல கை நடுங்குறவனால அதைப் பண்ண முடியாது. நீ வண்டிக்குப் போய் நின்னு நிதானமாப் பண்ணிட்டுத்தான் கீழ இறங்கியிருக்க. அதுக்குப் பேரு கோபம் இல்ல.”

கிளைட் விலங்கை எடுத்தார். ராய்ஸின் கையில் மாட்டினார். ராய்ஸ் எதிர்க்கவில்லை. சுவர்க் கடிகாரம் இரண்டு ஐம்பது காட்டியது.

“கோர்ட்டுக்கு போன் பண்ணு கிளைட்” என்று கத்திவிட்டு லோர்னா தெருவில் இறங்கி ஓடினாள். பனியில் இரண்டு முறை சறுக்கினாள். டெல்மர் ஒரு முறை விழுந்தான், ஆனால் எழுந்துவிட்டான்.

மாஜிஸ்திரேட் அலுவலகம் தெரு முனையில் இருந்தது. நடைவழியில் ஒரே நீளப் பெஞ்சு. இந்தக் கோடியில் நெவின், தன் அளவுக்குப் பெரிதாக இருந்த ஒரு சூட்டில் உட்கார்ந்திருந்தான். அந்தக் கோடியில் ஆர்டித், சுவரைப் பார்த்தபடி. நடுவில் பத்து ஆள் உட்காரலாம். உள்ளேயிருந்து குமாஸ்தா நெவின் பேரைக் கூப்பிட, அவன் எழுந்தான்.

“உக்காரு நெவின்” என்றாள் லோர்னா மூச்சிரைக்க. “நீ எங்கயும் போக வேண்டாம். உங்கப்பா துப்பாக்கி சுடவே இல்ல. ராய்ஸ்தான் தன்னோட துப்பாக்கியால சுட்டிருக்கான். ஒத்துக்கிட்டான். விலங்கு மாட்டியாச்சு.”

அவன் நின்றபடியே அவளைப் பார்த்தான். கோடியில் ஆர்டித் எழுந்துவிட்டாள்.

“எப்படித் தெரிஞ்சுது?” என்றான் நெவின்.

“வேட்டைக்குப் போட்ட குண்டு இன்னும் உள்ள இருக்கு. சனிக்கிழமை நீ அதைச் சுட்டுக் காலி பண்ணல.”

நெவின் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். “அப்ப… நான் மறந்துதான் போயிருக்கேன்.”

“மறந்துதான் போயிருக்க. நல்லாக் கேட்டுக்கோ. அன்னைக்கு மட்டும் நீ அப்பா பேச்சைக் கேட்டு நடந்திருந்தா, அந்தக் குழல் காலியா இருந்திருக்கும். புகையையும் ராய்ஸ் எழுதினதையும் எல்லாரும் நம்பியிருப்பாங்க. நீ அப்பாவைக் கொன்னவன்னு உள்ள போயிருப்ப.”

அவன் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தான். அழுகை வந்தது, சத்தம் வரவில்லை.

ஆர்டித் அந்தப் பத்து ஆள் தூரத்தையும் நடந்து வந்தாள். அவன் முன்னால் நின்றாள். அணைத்துக்கொள்வாளா, மன்னிப்புக் கேட்பாளா என்று டெல்மர் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் இரண்டும் செய்யவில்லை.

“மருந்து கெட்டிச்ச துப்பாக்கியை வீட்டுக்குள்ள கொண்டு வந்திருக்க!” என்றாள். நடைவழி அதிர்ந்தது. “எத்தனை தடவை சொல்லியிருக்காரு அந்த மனுஷன்? எத்தனை தடவை? மழையாம் மழை! கரைஞ்சா போயிருப்ப? அடுப்புப் பக்கத்துல சாத்தி வெச்சிருந்தா என்ன ஆகியிருக்கும், வீடே போயிருக்குமேடா! தலையில என்ன இருக்கு உனக்கு? அப்புறம் எவனோ ஒருத்தன் வந்து நீதான் கொன்னேன்னு சொன்னா நம்பிடுவியா? என்னை நிமிர்ந்து பாரு! நான் நம்பினேன்னா, நீயும் நம்பணுமா?”

நெவின் நிமிர்ந்தான். கண்ணீரோடு தாயின் வாயையே பார்த்தான். ஒரு திட்டையும் தவற விட மனசில்லாதவன் போலப் பார்த்தான்.

குமாஸ்தா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். “அம்மா, கோர்ட்டுல சத்தம் போடக்கூடாது.”

லோர்னா திரும்பி அவரை ஒரு முறை முறைத்தாள்.

“கதவைச் சாத்துங்க. அவங்க பேசட்டும்.”